62 கிலோமீட்டர் எங்கேர்ந்து வந்துச்சு?

நவம்பர் பொறந்தா போதும், எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புல எல்லாரும் வானிலை அதிகாரி ஆயிடுவாங்க. பெரியப்பா டிவி ஸ்க்ரோலை ஃபோட்டோ எடுத்துப் போடுவாரு, சித்தி பையன் விண்டி ஆப் ஸ்கிரீன்ஷாட் போடுவான், டல்லாஸ்ல இருக்கிற அக்கா அவங்க ஃபோன்ல வந்தத அப்படியே ஃபார்வர்ட் பண்ணுவாங்க. வங்கக்கடல்ல இருக்கறது ஒரே ஒரு புயல்தான். ஆனா ஒண்ணுல 83ன்னு இருக்கும், இன்னொண்ணுல 45, அக்கா அனுப்பினதுல 52. உடனே "45தானா, இது ஷேர் ஆட்டோ போற வேகம், இதுக்கா ஸ்கூல் லீவு"ன்னு ஒரு குரல் வரும். மூணும் ஒரே காத்துதாங்க. 45 நாட், மணிக்கு 83 கிமீ, மணிக்கு 52 மைல். யாரும் பொய் சொல்லல, யூனிட்ட மட்டும் யாரும் சொல்லல.

கணக்க முதல்ல முடிச்சிடுவோம், அது சின்ன வேலை. 1 நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிமீ. இது தோராயம் இல்ல, கடல் மைல்னா 1852 மீட்டர்னு 1929லயே சர்வதேச அளவுல முடிவு பண்ணிட்டாங்க. செகண்டுக்கு மீட்டர்னு இருந்தா 3.6ஆல பெருக்கணும். மைல்னா 1.609. கால்குலேட்டர் இல்லாம போடணும்னா, செகண்டுக்கு மீட்டர்ல இருக்கறத நாலால பெருக்கி அதுல பத்துல ஒரு பங்கு கழிச்சா அச்சு அசலா கிமீ வந்துடும், 25 மீட்டர்னா 100, அதுல 10 போச்சுன்னா 90. நாட்டுக்கு ரெட்டிப்பாக்கி பத்துல ஒண்ணு கழிக்கலாம், ஆனா கொஞ்சம் கம்மியாத்தான் வரும், 45க்கு 81 காட்டும், நெசம் 83. பேச்சுக்கு போதும், பதிவேட்டுக்குப் போதாது.

இதோட விஷயம் முடிஞ்சா நான் எழுதவே உக்காந்திருக்க மாட்டேன். ஏன்னா பெருக்கல் சரியா போட்டும் தப்பா முடியற இடம் நெறைய இருக்கு. ஒரு எண்ணோட யூனிட்ட மாத்தறதுக்கு முன்னாடி அதோட ஜாதகத்த பாக்கணும், எத்தனை நிமிஷ சராசரி, யாரு அளந்தது, அளந்ததா இல்ல கணிச்சதா, ஏற்கனவே எத்தனை தடவ மாத்தி முழு எண்ணாக்கினதுன்னு.

ஐஎம்டி, அதாவது இந்திய வானிலை ஆய்வுத் துறை கணக்குல காத்து மணிக்கு 62 கிமீ தொட்டாத்தான் அது புயல், அப்பதான் பேரு வைப்பாங்க. 61 வரைக்கும் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 89 ஆனா தீவிரப் புயல், 118 ஆனா அதுக்கு அடுத்த படி, அப்புறம் 222 தாண்டினா சூப்பர் புயல். ரொம்ப நாளா எனக்கு இந்த எண்களப் பாத்தா ஒரு எரிச்சல், 60, 90, 120ன்னு வச்சா என்ன கொறஞ்சு போகும்? காரணம் என்னன்னா இதெல்லாம் கிமீ-ல பொறந்த எண்ணே இல்ல. நாட்ல பாத்தா 34, 48, 64. சரி, 34 மட்டும் என்ன முழுசா?

அதுக்கு பின்னாடி போனா பிரிட்டிஷ் கப்பற்படைக்காரர் ஃபிரான்சிஸ் பியூஃபோர்ட் நிக்கறாரு. 1805 வாக்குல அவரு காத்த 0லேர்ந்து 12 வரைக்கும் படி படியா பிரிச்சாரு. அதுல வேகமே கிடையாது, கருவியும் கிடையாது. இந்தக் காத்துக்குக் கப்பல் எத்தனை பாய் விரிக்கலாம், எதச் சுருட்டணும், அவ்ளோதான். 12ன்னா எந்தப் பாயும் தாங்காது. பிற்காலத்துல வந்தவங்கதான் ஒவ்வொரு படிக்கும் இவ்வளவு நாட்னு பொருத்தினாங்க. அந்தப் பட்டியல எடுத்துப் பாருங்க, 8ம் படி 34 நாட்ல ஆரம்பிக்குது, 10ம் படி 48ல, 12ம் படி 64ல. நம்ம தாழ்வு மண்டலம் 17 நாட்ல ஆரம்பிக்குதே அது 5ம் படி, ஆழ்ந்த தாழ்வு மண்டலத்தோட 28 நாட் 7ம் படி. அதாவது இன்னிக்கு சேட்டிலைட் வச்சு புயலுக்குப் பேரு வைக்கறமா வேணாமான்னு முடிவு பண்ற கோடு, பாய்மரக் கப்பல் காலத்துப் படிக்கட்டு மேலதான் போட்டிருக்கு.

இதுல இன்னொரு வேடிக்கை. 34ஐ 1.852ஆல பெருக்கினா 62.97 வருது, ஒழுங்கா முழு எண்ணாக்கினா 63. வெளிநாட்டுப் பட்டியல்கள் பலதுல 63ன்னுதான் இருக்கும். நம்ம பட்டியல்ல 62. நான் புரிஞ்சுகிட்டது என்னன்னா, கீழ இருக்கற வகுப்பு 33 நாட்ல முடியுது, அது 61.1 கிமீ, அப்ப 61 வரைக்கும் அது, அடுத்தது 62லேர்ந்து இது. நாட்ட முழு எண்ணா எண்ணும்போது 33க்கும் 34க்கும் நடுவுல ஒண்ணுமே கிடையாது, கிமீ-க்கு மாத்தின உடனே அந்த சந்துக்குள்ள 62 வந்து உக்காந்துக்குது. 63ன்னு போட்டவங்களும் சரி 62ன்னு போட்டவங்களும் சரி, இத வச்சு யாராவது "ஐஎம்டிக்கு பெருக்கல் தெரியல"ன்னு ட்வீட் போட்டா நம்பாதீங்க.

மீனவர்களுக்கான எச்சரிக்கையையும் இதே கண்ணோட படிச்சுப் பாருங்க. "மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக்காற்று வீசக்கூடும்". இது ஏன் எப்பவும் அஞ்சுல முடியுது? 20 நாட் 37 கிமீ, 25 நாட் 46, 30 நாட் 56, 35 நாட் 65. உள்ளுக்குள்ள நாட்ல யோசிச்சு வெளிய கிமீ-ல பேசறாங்கன்னு என் கணிப்பு. இதுல தெரிஞ்சுக்க வேண்டியது, அந்த 45ங்கறது 44 இல்ல 46 இல்லன்னு சொல்ற எண் கிடையாது, சுமார் 25 நாட்னு சொல்ற எண். அத எடுத்து 27.96 மைல்னு மாத்தினா ரெண்டு தசமத் துல்லியம் எங்கேர்ந்து மொளைச்சுச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க, பாக்க மட்டும் அறிவியல் மாதிரி இருக்கும். (துறைமுகத்துல ஏத்தற கூண்டு எண்ணுக்கும் வேகத்துக்கும் நேரடி பெருக்கல் எதுவும் கிடையாது, அதையும் சொல்லிடறேன். 10 மகா அபாயம். 11 அதவிடப் பெரிய புயல் இல்ல, வானிலை மையத்தோட தொடர்பே அறுந்து போச்சுன்னு அர்த்தம்.)

சரி, அடுத்தது சராசரி. பெரும்பாலான சண்டை இங்கதான்.

காத்து ஒரே சீரா அடிக்காது, மொட்டை மாடியில துணி காயப்போட்ட யாருக்கும் இது தெரியும். அதனால வேகம்னு சொன்னா எத்தனை நேரத்து சராசரின்னு சேத்து சொன்னாத்தான் அர்த்தம். உலக வானிலை அமைப்போட பரிந்துரை 10 நிமிஷம், ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் அப்படித்தான். நம்ம ஐஎம்டி 3 நிமிஷம். அமெரிக்காக்காரங்க 1 நிமிஷம், ஹவாய்ல பேர்ல் ஹார்பர்லேர்ந்து நம்ம வங்கக்கடலையும் பாத்துட்டு இருக்கற ஜேடிடபிள்யூசி-ங்கற அமெரிக்க ராணுவப் புயல் எச்சரிக்கை மையமும் சேத்துதான். நேரம் குறைய குறைய உச்சம் கூடும், ஏன்னா பத்து நிமிஷத்துல நடுநடுவுல காத்து மூச்சு வாங்கற நேரமும் சராசரிக்குள்ள வந்துடுது. இன்னும் குறைச்சு மூணு செகண்டுக்கு வந்தா அதுதான் அந்த "இடையிடையே".

ஒரு நிமிஷத்துலேர்ந்து பத்து நிமிஷத்துக்கு மாத்த ரொம்ப காலமா 0.88ஆல பெருக்கிட்டு இருந்தாங்க. 2010ல உலக வானிலை அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல்ல, கடல் மேல 0.93தான் பொருத்தம்னு வந்துச்சு. அப்ப அமெரிக்க கணக்குல 100 நாட்ங்கறது பழைய ஃபார்முலால 88, புதுசுல 93. பாத்தீங்களா, 1.852 மாதிரி அசையாத எண் இல்ல இது, நிலமா கடலா, தரை கரடுமுரடா இல்லையான்னு பாத்து மாறும். எந்த கன்வர்ஷன் ஆப்பும் இத உங்களுக்குப் பண்ணித் தராது. அதனாலதான் ஒவ்வொரு புயலுக்கும் "அமெரிக்காக்காரன் கேட்டகரி 1ன்னு போட்டுட்டான், நம்மாளுங்க மறைக்கறாங்க"ன்னு ஒரு கும்பல் கிளம்பும்போது எனக்கு சலிப்பு தட்டுது. கேட்டகரி 1 ஆரம்பிக்கறது 64 நாட்ல. 65 நாட்ட 0.93ஆல பெருக்கினாலே பத்து நிமிஷக் கணக்குல 60 ஆயிடுது, அந்தக் கோட்டுக்குக் கீழ. நம்ம 3 நிமிஷக் கணக்குல எறக்கம் இதவிடக் கம்மி, ஆனா எறக்கம் உண்டு.

ஆனா முழு வித்தியாசத்தையும் சராசரி மேலயே போட்டுடவும் முடியாது. நடுக்கடல்ல யாரும் காத்து வேகம் அளக்கற அனிமோமீட்டர புடிச்சிட்டு நிக்கல. வெர்னான் டிவோராக்னு ஒரு அமெரிக்கர் 1970கள்ல உருவாக்கின முறைதான் இன்னிக்கும் அடிப்படை, சேட்டிலைட் படத்துல மேகம் எப்படி சுருண்டிருக்கு, கண் தெரியுதா, எவ்வளவு குளிர்ச்சின்னு பாத்து ஒரு டி-எண் குடுப்பாங்க, 3.5ன்னா 55 நாட், 4.0ன்னா 65, 4.5ன்னா 77. ஒரே படத்த பாத்து ரெண்டு பேரு அரைப்படி முன்னபின்ன சொல்றது சகஜம், அந்த அரைப்படியே பத்து நாட். இந்த மாதிரி கணிச்ச எண்ணுக்குப் போயி 142.6 கிமீ-ன்னு தசமம் போடறவங்கள என்ன சொல்ல?

யூனிட் மாத்தறதால ஒரு தேசத்தோட அளவுகோலையே திருத்தின கதை ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சது. அமெரிக்காவோட தேசிய ஹரிகேன் மையம் உள்ளுக்குள்ள நாட்ல, அஞ்சின் மடங்காத்தான் வேகம் குறிப்பாங்க, மக்களுக்கு மைல்ல, அதுவும் அஞ்சின் மடங்கா சொல்வாங்க. 115 நாட்னா கேட்டகரி 4. மாத்தினா 132.3 மைல், அஞ்சின் மடங்காக்கினா 130. ஆனா மைல் பட்டியல்ல கேட்டகரி 4 ஆரம்பிக்கறது 131ல! ஒழுங்கா மாத்தினா புயல் ஒரு படி எறங்கிடும், படி எறங்காம இருக்கணும்னா வேணும்னே 135ன்னு தப்பா சொல்லணும். கடைசில 2012ல கோட்டையே 130க்கு நகர்த்திட்டாங்க. காத்து மாறல, புயல் மாறல, முழு எண்ணாக்கறதுல வந்த இடிப்புக்காக அளவுகோல் நகர்ந்துச்சு.

மாத்தற எண்ணே தப்பா இருந்த காலமும் உண்டு. சுழல்ற கிண்ணம் வச்ச அனிமோமீட்டர 1846ல அயர்லாந்துல ஆர்மாவுல இருந்த தாமஸ் ராம்னி ராபின்சன் செஞ்சாரு, கிண்ணம் என்ன சைஸா இருந்தாலும், கை எவ்வளவு நீளமா இருந்தாலும், காத்தோட வேகத்துல மூணுல ஒரு பங்கு வேகத்துலதான் கிண்ணம் சுத்தும்னு நம்பினாரு. அதனால சுத்தறத மூணால பெருக்கினா காத்தோட வேகம். அப்புறம் பாத்தா அது கிண்ணத்தப் பொறுத்து, கைநீளத்தப் பொறுத்து மாறுது, பல கருவிக்கு மூணுக்கும் கீழ. அதுக்குள்ள எத்தனையோ பதிவேடுல எத்தனையோ காத்து நெசத்த விட வேகமா அடிச்சு முடிச்சிருந்துச்சு.

நாட்ட கிமீ-ன்னு நெனச்சுப் படிச்சா என்ன பெரிய நஷ்டம்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு. காத்து ஒரு பொருள் மேல போடற அழுத்தம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 100 நாட்டும் 100 கிமீ-யும் ரெண்டு மடங்கு கூட வித்தியாசம் இல்லையேன்னு தோணும், ஆனா 1.852ஐ அதாலேயே பெருக்கினா 3.43. ஒரு தென்னை மேல, ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல மூணரை மடங்கு தள்ளு. 2018ல கஜா டெல்டாவுல தோப்பு தோப்பா தென்னைய சாச்சிட்டுப் போனத பாத்தவங்களுக்கு இது வெறும் கணக்கு இல்ல. ஆரல்வாய்மொழிப் பக்கம் காத்தாலையில வேலை செய்யறவங்க கிட்ட பேசினா அவங்க நாட்டும் சொல்ல மாட்டாங்க கிமீ-யும் சொல்ல மாட்டாங்க, செகண்டுக்கு மீட்டர்தான். பொதுவா 25 மீட்டர் தாண்டினா மெஷின் தானா நின்னுடும். 25தானான்னு எளக்காரமா பாக்காதீங்க, அது 90 கிமீ, தீவிரப் புயலோட வாசப்படி.

இப்ப வெயிலுக்கு வருவோம்.

நம்ம ஆளுங்க மாதிரி டிகிரிய கலந்து கட்டி அடிக்கறவங்கள நான் பாத்ததில்ல. ஜுரம்னா 102, வெயில்னா 40, ஏசின்னா 24, ஒரே மூச்சுல பேசுவோம், யாருக்கும் கொழப்பமே வராது. ஏப்ரல் வந்தா பேப்பர்ல மறுபடி ஃபாரன்ஹீட் எந்திரிச்சுடும், "வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தியில் வெயில் சதம்"னு. நுங்கம்பாக்கம் மையம் குடுக்கறது செல்சியஸ்லதான். 1956லயே மெட்ரிக் சட்டம் போட்டாச்சு, இருந்தும் சதம்ங்கற அந்த கிரிக்கெட் சுகத்த விட மனசு வரல நமக்கு. 100 ஃபாரன்ஹீட்னா 37.78 செல்சியஸ். கருவி ஒரு தசமம் வரைக்கும் காட்டும், 37.8ன்னா 100.04, சதம் அடிச்சாச்சு, 37.7ன்னா 99.86, அவுட். உங்க ஊரு தலைப்புச் செய்தில வருதா இல்லையாங்கறத பத்துல ஒரு டிகிரி முடிவு பண்ணுது, ஒடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. சென்னைக்காரங்களுக்கு ஒரு தகவல், 2003 மே 31 நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி, ஃபாரன்ஹீட்ல சரியா 113.

இதையும் மனசுலயே போடலாம். செல்சியஸ ரெட்டிப்பாக்கு, அதுல பத்துல ஒண்ணு கழி, 32 கூட்டு. இது தோராயம் இல்ல, துல்லியமாவே வரும். 37ன்னா 74, 7.4 போனா 66.6, 32 கூட்டினா 98.6. அந்த 98.6ங்கற எண்ணும் மாத்தினதுல வந்ததுதான். ஜெர்மன் டாக்டர் வுண்டர்லிக் 1868ல மனுஷ ஒடம்போட சராசரின்னு சொன்னது 37 செல்சியஸ், அத மாத்தினவங்க தசமத்தோட 98.6ன்னு போட்டதும் அது என்னமோ கடவுள் குறிச்ச எண் மாதிரி ஆயிடுச்சு. எங்க பாட்டிக்கு 98.4தான் நார்மல், தெர்மாமீட்டர்ல அங்கதான் குறி இருந்துச்சு. ரெண்டுல எதுவா இருந்தாலும் உங்க ஒடம்பு காலையில ஒண்ணு காட்டும் சாயங்காலம் ஒண்ணு காட்டும்.

ஃபாரன்ஹீட்ல பெரிய பொறி 32தான். "வெப்பநிலை இயல்பை விட 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்கக்கூடும்"னு அறிக்கை வருது. இத ஃபாரன்ஹீட்டுக்கு மாத்தறேன்னு ஆப்புல 3ஐ தட்டினா 37.4ன்னு வரும், "இயல்பை விட 37 டிகிரி ஃபாரன்ஹீட் அதிகம்"னு எழுதினா ஊரே வெந்துடும். வித்தியாசத்துக்கு 32 கூட்டவே கூடாது, 1.8ஆல மட்டும் பெருக்கணும், 5.4. புவி வெப்பமாதல்ல சொல்ற 1.5 டிகிரியும் இப்படித்தான், 2.7 ஃபாரன்ஹீட். ஆப்புக்கு நீங்க சொன்ன 3 ஒரு நாளோட வெப்பநிலையா இல்ல ரெண்டு நாளுக்கு நடுவுல உள்ள வித்தியாசமான்னு தெரியாது, அத நீங்கதான் தெரிஞ்சு வச்சிருக்கணும்.

அதே மாதிரி "நேத்து 20, இன்னிக்கு 40, ரெட்டிப்பு சூடு"ன்னு சொல்றதும். ஃபாரன்ஹீட்ல அதே ரெண்டு நாளும் 68, 104, அப்ப ஒன்றரை மடங்குதான். கெல்வின்ல 293, 313, வெறும் 7 சதவீதம் கூட. செல்சியஸுக்கும் ஃபாரன்ஹீட்டுக்கும் பூஜ்யம்ங்கறது யாரோ ஒருத்தர் வசதிக்கு வச்ச எடம், ஆண்டர்ஸ் செல்சியஸே 1742ல தண்ணி கொதிக்கற எடத்துக்கு 0, உறையற எடத்துக்கு 100ன்னுதான் வச்சாரு, அவரு போன பிறகுதான் தலைகீழா திருப்பினாங்க. மடங்கு பேசணும்னா கெல்வின். காத்துக்கு இந்தப் பிரச்சனை இல்ல, எல்லா யூனிட்டுலயும் பூஜ்யம்னா அசையாத காத்துதான்.

கடைசியா மாத்தி மாத்தி மாத்தறது. இப்ப நெறைய பேரு மொட்டை மாடியில சின்னதா ஒரு வானிலை ஸ்டேஷன் வச்சிருக்காங்க, நானும்தான். சென்சார் செல்சியஸ்ல, செகண்டுக்கு மீட்டர்ல அளக்கும். ஆனா இந்த மாதிரி வீட்டு ஸ்டேஷன் எண்களச் சேத்துக் காட்டற வெதர் அண்டர்கிரவுண்ட் வெப்சைட்டுக்கு அனுப்பணும்னா அந்த முறையில வெப்பநிலை ஃபாரன்ஹீட்ல, காத்து மைல்ல, மழை அங்குலத்துல போகணும். அங்கேர்ந்து நம்ம ஃபோனுக்கு திரும்ப வரும்போது மறுபடி செல்சியஸ், கிமீ, மில்லிமீட்டர். தசமத்தோட போனா சேதம் இல்ல, 31.2 போயி 31.2ஆவே திரும்பும். நடுவுல யாராவது முழு எண்ணாக்கினா போச்சு. 87 ஃபாரன்ஹீட்ட முழு செல்சியஸாக்கினா 31, அந்த 31ஐ திரும்ப மாத்தினா 88. வெயில்ல ஒரு மாத்தமும் இல்லாம ஒரு டிகிரி ஏறிடுச்சு. மெட்டார்ங்கற ஏர்போர்ட்டு வானிலைக் குறிப்புல 31/24ன்னு வர்றதும் (முதல் எண்தான் வெப்பநிலை) முழு எண்தான், அந்த 31க்குள்ள 87லேர்ந்து 88 சொச்சம் ஃபாரன்ஹீட் வரைக்கும் எது வேணா ஒளிஞ்சிருக்கலாம். அத வச்சு "இன்னிக்கு மீனம்பாக்கம் 87.8"னு தசமத்தோட போடறது அபத்தம்.

அதனால என்னோட ஷீட்ல சென்சார் குடுத்த எண்ண அப்படியே ஒரு காலம்ல விட்டு வைக்கறேன், அதுல கை வைக்கறதில்ல. பக்கத்துல யூனிட், அதுக்குப் பக்கத்துல எத்தனை நிமிஷ சராசரி, கருவி தரையிலேர்ந்து எத்தனை மீட்டர் ஒசரம் (விதிப்படி 10 மீட்டர், சுத்தி கட்டடம் மரம் இல்லாம, எங்க மாடியில பக்கத்து வீட்டு வாட்டர் டேங்க் மறைக்குது, அதையும் எழுதி வச்சிருக்கேன்). மாத்தறதெல்லாம் தனி காலம்ல, காட்டும்போது மட்டும், அதுவும் மூல எண்ணுலேர்ந்து நேரா, மாத்தினதுலேர்ந்து மறுபடி மாத்தறதில்ல. பெரியப்பாவுக்கு கிமீ, அக்காவுக்கு மைல், எனக்கு நாட்.